பிள்ளை திரும்பாத வீட்டில் இறைநம்பிக்கை

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழாவில் என் மனைவி ஆண்டுதோறும் தீச்சட்டி எடுக்கிறார். ஏழு வயதில் மகனுக்கு அம்மை கண்டபோது நேர்ந்துகொண்டது அது. இன்று அவனுக்கு 32 வயது. பெங்களூரில் வேலை. கோயிலுக்கு வருவதில்லை. வேறு சாதிப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். "அம்மை தானாகவே இறங்கும், அப்பா" என்று அவன் சொன்ன பிறகு ஒன்றரை ஆண்டு நான் அவனோடு பேசவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்த நிலை எனக்கு மட்டும் உரியதன்று. திராட்சைத் தோட்டத்தை விற்றும், மலையேறி ஏலத்தோட்டத்தில் கூலி வேலை பார்த்தும் படிக்கவைத்த பிள்ளைகள், அந்தப் படிப்பைக் கொண்டே நம்மைக் கேள்வி கேட்கிறார்கள். அப்போது நாம் கோயில் வாசலுக்குத்தான் போகிறோம். அங்கே என்ன கேட்கிறோம் என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த வேதனைக்கு நம் மரபில் மூத்த சாட்சி திலகவதியார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் அவர் வரலாற்றைச் சொல்கிறது. பெற்றோரை இழந்தபின் தம்பி மருள்நீக்கியாருக்குத் தாயாய் நின்றவர் அவர். தம்பியோ சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார். அக்காள் வாதிடப் போகவில்லை. திருவதிகையில் கோயிலைக் கூட்டி, மெழுகி, மலர்மாலை தொடுத்து, தம்பியை மீட்டுத்தருமாறு வேண்டினார். சூலைநோயால் துடித்த தம்பி ஆளனுப்பி அழைத்தபோது, சமணர் மடத்துக்கு வரமாட்டேன் என்று மறுத்தார். நள்ளிரவில் தம்பியே வந்து காலில் விழுந்தபோது கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. திருநீறு கொடுத்து, விடியலில் துடைப்பத்தோடு கோயிலுக்குப் போகையில் உடன் அழைத்துச் சென்றார். அந்தத் தம்பிதான் திருநாவுக்கரசர்.

பல காலம் இக்கதை எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு உறுத்தத் தொடங்கியது. பிள்ளைக்கு வலி வந்தேனும் திரும்பட்டும் என்று எந்தத் தாய் வேண்டுவாள்? மேலும், தம்பி திரும்பிவந்ததால்தான் அது புராணம் ஆயிற்று. வட ஆப்பிரிக்காவில் மகன் அகஸ்டினுக்காக ஆண்டுக்கணக்கில் அழுது வேண்டிய மோனிக்காவின் கதையும் அப்படித்தான். 387-இல் மகன் திருமுழுக்குப் பெற்றதோடு அவர் வேண்டுதல் நிறைவேறியது. திரும்பாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் எதைப் படிப்பது?

அதற்கு விடைபோல ஒன்றை உத்தமபாளையத்தில் கண்டேன். அங்குள்ள பாறையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. ஊரார் அதைக் கருப்பணசாமி பாறை என்கிறார்கள். அச்சிற்பங்களுக்கு முன் அமர்ந்து தொழுதவர்களின் வழித்தோன்றல்கள் ஏதோ ஒரு தலைமுறையில் வேறு சாமி கும்பிடப் போயிருப்பார்கள். அன்றும் வீட்டில் ஒரு கிழவர் சோறு உண்ணாமல் படுத்திருப்பார். அவர் துயரம் பொய்யன்று. ஆனால் இன்று அப்பாறையின் முன் நிற்கும் எனக்கு, அவரும் அவர் பேரப்பிள்ளைகளும் ஒரே மண்ணின் பக்தர்களாகவே தெரிகிறார்கள்.

அங்கிருந்து திரும்பும் வழியில் என்னையே கேட்டுக்கொண்டேன்: என் கோபத்தில் பக்தி எவ்வளவு, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியது எவ்வளவு? மகன் கோயிலுக்கு வராததைவிட, மருமகளின் சாதியைப் பற்றி உறவினர் கேட்டதே என்னைச் சுட்டது. அந்தச் சூட்டை அம்மன்மேல் ஏற்றிப் பேசியவன் நான். நேர்த்திக்கடனில் ஒரு பேரம் இருக்கிறது. அதைக் குறைசொல்ல மாட்டேன், என் பிள்ளை பிழைத்த நாளின் நன்றி அதில் இருக்கிறது. ஆனால் பிள்ளையின் மனத்தை மாற்றித்தா என்று பேரம் பேசியவரை எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் நலமாக இருக்கட்டும் என்று மட்டும் வேண்டத் தொடங்கியபின் வந்தது.

கடந்த சித்திரையில் மனைவி முல்லையாற்றில் நீராடிச் சட்டி எடுத்து முடித்தார். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார் பூசாரி. மகனுடையதைச் சொன்னேன். மருமகளின் பெயரையும் சொன்னேன், நட்சத்திரம் தெரியவில்லை. வரிசையிலிருந்து விலகி, மகனைக் கைப்பேசியில் அழைத்தேன். "இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லையே, அப்பா" என்றான். பிறகு, "இருங்கள், அவளிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றான்.

அஸ்தமாம்.