பழைய டிராக்டருக்குக் கார் என்ஜின்: பொருந்தினால் மட்டும் போதுமா?

பழைய டிராக்டர்கள் பலவற்றில் கியர் பெட்டியும் பின் அச்சும் கெட்டியாக இருக்கும். என்ஜின் மட்டும் களைத்துப் போயிருக்கும். உதிரி பாகமும் கிடைக்காது. "கார் என்ஜின் ஒன்றைத் தூக்கி வைத்தால் என்ன?" என்ற எண்ணம் அப்போதுதான் பிறக்கிறது.

இது புதிய யோசனை அல்ல. இங்கிலாந்தின் பெர்குசன் டி.இ.20 டிராக்டரில் பொருத்தப்பட்ட ஸ்டாண்டர்டு என்ஜினும், வான்கார்டு கார் என்ஜினும் ஒரே குடும்பம். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துப் பங்க் நிறுவனம், 30 குதிரை சக்திக்கும் குறைவான போர்டு 8என் டிராக்டரில் சுமார் 100 குதிரை சக்தி வி-8 என்ஜினை வைக்கத் தேவையான பாகங்களை விற்றது.

முடியும் என்பதில் சந்தேகமில்லை. பத்திரமாக முடியுமா என்பதே கேள்வி.

முதுகெலும்பே என்ஜின்

லாரிக்குத் தனிச் சட்டம் உண்டு. பல டிராக்டர்களுக்கு அது கிடையாது. என்ஜின், கியர் பெட்டி, பின் அச்சு மூன்றும் ஒன்றோடொன்று போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கும். முன் அச்சின் பளுவை என்ஜினே தாங்கும்.

கார் என்ஜினோ ரப்பர் மெத்தையில் உட்கார்ந்து பழகியது. அதன் மெல்லிய தகட்டு எண்ணெய்த் தொட்டி பளு தாங்காது. முன் அச்சிலிருந்து கியர் பெட்டி வரை இருபுறமும் கனமான இரும்புச் சட்டம் அவசியம். என்ஜினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் தகடு இம்மியும் மையம் விலகக் கூடாது. விலகினால் கிளட்சும் பேரிங்கும் போய்விடும்.

வேகமே எமன்

பழைய டிராக்டர் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றில் நிற்கும். கார் என்ஜின் 4,000-ஐயும் தாண்டும். 20 கிலோமீட்டரில் போன வண்டி 40-ல் ஓடும்; பிரேக்கோ பின் சக்கரங்களில் மட்டுமே! மண்டியா பக்கம் போலக் கரும்பு டிரெய்லரையும் இழுத்தால் என்ன ஆகும்?

540 சுற்றுக்கு அமைந்த பி.டி.ஓ. தண்டும் தறிகெட்டுச் சுழலும். சுற்று இரு மடங்கானால் பிளைவீலைப் பிய்த்தெறியும் விசை நான்கு மடங்காகும். ஓட்டுபவரின் கால்கள் அருகிலேயே இருக்கின்றன.

டிராக்டரில் கவர்னர் இருக்கிறது. சாதாரணக் கார் என்ஜினில் அது இல்லை. கலப்பையைத் தூக்கிய நொடியில் பளு குறைந்து என்ஜின் சீறிப் பாயும். கவர்னர் இல்லாமல் மாற்று என்ஜின் வைக்கவே கூடாது.

சக்தி கூடினால் கியர் பற்களும் அச்சும் முறியலாம். புதிய என்ஜின் எடை குறைந்ததானால் முன்பக்கம் எளிதில் மேலெழும். வண்டி பின்புறமாகக் கவிழ ஓரிரு நொடி போதும். குதித்துத் தப்ப நேரம் இருக்காது. முன்னால் எடைக்கட்டிகள், ஓட்டுபவரின் தலைக்கு மேல் பாதுகாப்பு வளைவு, அதனுடன் இருக்கைப் பட்டை மூன்றும் தேவை.

டிராக்டர் மணிக்கணக்கில் முழுப் பளுவில் மெதுவாக உழைப்பது; எதிர்க்காற்று கிடைக்காது. ஆகவே ரேடியேட்டரும் விசிறியும் பெரியவையாக இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பதிவுச் சான்றிதழின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. பட்டறைக்குப் போகுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போவதே முறை. இல்லையேல் விபத்தின்போது இன்சூரன்சு சிக்கலாகும்.

பழைய என்ஜினுக்கு ரீபோர் செய்ய முடியுமா என்று முதலில் பார்ப்பது நல்லது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் அதே சக்தி, அதே சுற்றுவேகம் உள்ள டீசல் என்ஜினே உத்தமம். என்ஜின் புதிதாகலாம், பிரேக்கும் பின் அச்சும் பழையவைதான்.