இருபது ஆண்டுகள் காத்திருந்த அரசி

பிரான்சு நாட்டு அரசிகளுள், புனித லூயி மன்னரின் அன்னையாகிய பிளான்ஷ் அம்மையாரை அறிந்தோர் பலர். அவருக்கு முன் அந்நாட்டு அரசியாய் முடிசூடி, அன்றே தள்ளிவைக்கப்பட்ட இங்கபோர்க் அம்மையாரை அறிந்தோர் மிகச் சிலரே.

இவர் டென்மார்க் மன்னர் முதலாம் வால்டமாரின் மகள். 1193 ஆகஸ்டு 14ஆம் நாள், தேவதாயின் விண்ணேற்புத் திருநாளுக்கு முந்தைய தினம், ஆமியேன் நகரில் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப்பை மணந்தார். மணமகளுக்கு வயது ஏறக்குறைய 18. மன்னரோ முதல் மனைவியை இழந்தவர். மறுநாள் முடிசூட்டு விழாவின்போதே மன்னரின் முகம் வெளிறிற்று, உடல் நடுங்கிற்று. விழா முடிந்ததும், இவளோடு வாழேன் என்று கூறிவிட்டார். காரணம் யாதென்று இன்றுவரை எவரும் உறுதியாய்க் கண்டதில்லை.

மூன்று திங்கள் கழியுமுன் கொம்பியேனில் ஆயர்களும் பிரபுக்களும் கூடினர். தலைமை வகித்த ரெயிம்ஸ் பேராயர் மன்னரின் தாய்மாமன். முதல் மனைவிக்கும் இங்கபோர்குக்கும் இரத்த உறவு உண்டென்று ஒரு வம்சாவளியைக் காட்டி, திருமணம் செல்லாது என்றனர். பிரெஞ்சு மொழி அறியாத அப்பெண், தமக்குத் தெரிந்த சில இலத்தீன் சொற்களால், கண்ணீரோடு உரோமையை நோக்கி முறையிட்டார். பிறந்தகம் திரும்பவும் மறுத்துவிட்டார்.

அவருக்காக வழக்காட முன்வந்தவர், டென்மார்க்கில் மடாதிபதியாயிருந்த வில்லியம். பிரான்சில் பிறந்தவராயினும் தம் நாட்டு மன்னருக்கு அஞ்சாமல், அந்த வம்சாவளி பொய்யென நிறுவினார். 1224இல் இவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

1195இல் திருத்தந்தை மூன்றாம் செலஸ்டின், கொம்பியேன் தீர்ப்பு செல்லாதென அறிவித்தார். மன்னர் செவிசாய்க்கவில்லை, 1196இல் மெரானியாவின் ஆக்னசை மணந்தார். பின்வந்த திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட், 1200 ஜனவரியில் மன்னரின் நிலப்பகுதிகளில் திருவழிபாட்டையே தடைசெய்தார். ஆலயங்கள் அடைபட்டன; மணிகள் ஓய்ந்தன. மன்னரின் பிழைக்கு எளிய குடும்பங்களும் துயருற்றன. செப்டம்பரில் மன்னர் பணிந்தார், தடை நீங்கிற்று. ஆயினும் அப்பணிவு வெளித்தோற்றமே. 1201இல் ஆக்னஸ் இறந்த பின்னரும், இங்கபோர்க் எத்தாம்ப் கோட்டையில் அடைபட்டிருந்தார். உணவும் உடையும் மருத்துவமும் போதவில்லை, திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் அரிதாயின என்று திருத்தந்தைக்கு எழுதினார்.

1213இல் மன்னர் அவரை மீண்டும் அரசியாய் ஏற்றார். இங்கிலாந்தின்மீது படையெடுக்க முனைந்த அவருக்கு உரோமையின் நட்பும் டென்மார்க்கின் நட்பும் அப்போது தேவைப்பட்டன. அரசிக்குரிய மதிப்புக் கிட்டியது, இல்லறம் கிட்டவில்லை. 1223இல் பிலிப் மறைந்தார். கைம்பெண்ணான அரசி, கொர்பெய் அருகே துறவியர் இல்லம் ஒன்றை நிறுவி, அங்கே கணவரின் ஆன்மாவுக்காகச் செபிக்க ஏற்பாடு செய்தார்.

அவர் பயன்படுத்திய திருப்பாடல் நூல் இன்றும் பிரான்சின் சாந்தியி அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் நாட்காட்டியில் அவருடைய பெற்றோரின் இறந்த நாட்களோடு, 1214 ஜூலை 27 அன்று பூவீன் களத்தில் பிலிப் பெற்ற வெற்றியும் குறிக்கப்பட்டுள்ளது. சிறையிட்ட கணவரின் வெற்றி, சிறைப்பட்டவரின் செபநூலில்!

அன்பர்களே, இவ்வம்மையார் பொறுத்தார். ஆனால் வாய்மூடி இருக்கவில்லை. பொய்த் தீர்ப்பைப் பொய்யென்றார். நீதியை இறுதிவரை கேட்டார். பகையை மட்டும் நெஞ்சில் வளர்க்கவில்லை. மன்னிப்பதற்காக உரிமையைக் கைவிட வேண்டுவதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.