மலையடிவார வீடுகளைக் காட்டுத்தீயிலிருந்து காப்போம்



மாசி பிறந்ததும் மேற்கு மலையில் புல் காய்ந்துவிடுகிறது. பிப்ரவரி முதல் மே வரை இரவில் மலைச்சரிவில் தீ கோடாக நகர்வதைக் கம்பம், உத்தமபாளையம், போடி பகுதிகளில் வாழும் நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். பழகிப்போனதால் அலட்சியமும் வந்துவிடுகிறது. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் பரவிய தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லும் காற்றும் சரிவும் சேர்ந்தால் தீயை ஓடி முந்த முடியாது. சரிவு 10 டிகிரி கூடினால் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

தோட்டத்திலும் மலையை ஒட்டிய ஊர் ஓரத்திலும் குடியிருக்கும் குடும்பங்கள் கோடை முற்றும் முன் செய்ய வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

வீடு எப்படித் தீப்பிடிக்கிறது?

பெரும் நெருப்பு நேராக வந்து வீட்டைச் சூழும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் காட்டுத்தீயில் அழிந்த வீடுகளை ஆராய்ந்தபோது, அவற்றில் பெரும்பாலானவை காற்றில் பறந்து வந்த தீப்பொறிகளால் எரிந்தவை என்று தெரியவந்தது. பொறி ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். சருகிலோ வைக்கோலிலோ விழுந்தால் பற்றும். வெறும் மண்ணில் விழுந்தால் அணைந்துவிடும். மலைத்தீயை நம்மால் நிறுத்த முடியாது. பொறி விழும் இடத்தைச் சுத்தமாக வைத்திருக்க முடியும்.

சுற்றுப்புறம்

சுவரிலிருந்து 5 அடி வரை எரியக்கூடிய எதுவும் வேண்டாம். விறகு, சாக்கு, அட்டைப்பெட்டி, தென்னைமட்டை, பிளாஸ்டிக் குழாய் எல்லாவற்றையும் அகற்றுங்கள். திண்ணையில் கிடக்கும் கோரைப்பாயும் விளக்குமாறும்கூடப் பொறிக்குப் போதும்.

30 அடிக்குள் புல்லை ஒட்ட வெட்டி, சருகைக் கூட்டி அள்ளுங்கள். வைக்கோல் படப்பும் விறகு அடுக்கும் இந்த எல்லைக்கு வெளியே இருக்கட்டும். வீட்டின் மேல் சாய்ந்த கிளைகளைக் கழியுங்கள். தென்னையில் தொங்கும் காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை மூன்றும் எளிதில் பற்றுபவை. மரமேறுபவரை அழைத்து முன்கூட்டியே இறக்கிவிடுங்கள்.

100 அடி வரை நம் நிலமானால் புதரைக் குறைக்கலாம். காப்புக்காட்டுக்குள் வெட்டவோ கொளுத்தவோ நமக்கு அனுமதி இல்லை. அங்கே புதர் மண்டியிருந்தால் வனக்காவலரிடம் சொல்லுங்கள்.

கூரை

ஓட்டு வீட்டில் ஓடுகளுக்கு இடையே சேரும் சருகைத் துடைத்து, உடைந்த ஓட்டை மாற்றுங்கள். காற்றுப்போக்கிகளுக்குச் சிறுகண் கம்பிவலை அடியுங்கள். கீற்றுச் சார்ப்பு வீட்டோடு ஒட்டியிருந்தால் கோடைக்காவது பிரித்துவிடுவது நல்லது.

தண்ணீர்

தீயின்போது மின்சாரம் போய்விடலாம்; மோட்டாரை நம்ப முடியாது. தொட்டியையும் இரண்டு டிரம்களையும் நிரப்பி வையுங்கள். மருந்தடிக்கும் தெளிப்பானை நன்றாகக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்தால், சிறு பொறிகளை அணைக்க அது மிகவும் உதவும்.

நம் கையால் தீ பரவாதிருக்க

காட்டுத்தீக்குப் பெரும்பாலும் மனிதர்களே காரணம். காற்றடிக்கும் பிற்பகலில் தோட்டத்துச் சருகைக் கொளுத்தாதீர்கள். அடுப்புச் சாம்பலைத் தண்ணீர் ஊற்றி ஆறவைத்த பிறகே கொட்டுங்கள். பீடித்துண்டை வரப்பில் எறிய வேண்டாம். உறங்கும் முன் வீட்டில் நெருப்பை அணைத்துவிட வேண்டும் என்பது நபிகளார் (ஸல்) நமக்குக் காட்டிய வழி.

வெளியேறும் நேரம்

வீட்டைக் காக்க நின்று உயிரை இழக்கக் கூடாது. தீ தூரத்தில் இருக்கும்போதே முதியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், மூச்சிரைப்பு உள்ளவர்களை ஊருக்குள் அனுப்பிவிடுங்கள். குடும்ப அட்டை, ஆதார், பட்டா, பத்திரம், வங்கிப் புத்தகம், மருந்துகள் ஆகியவை ஒரே பையில் தயாராக இருக்கட்டும். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். ஆடுமாடுகளைக் கட்டுத்தறியில் விட்டுவிடாமல் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்.

பாலியெஸ்டர், நைலான் துணி உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும். புர்காக்கள் பல இத்தகைய துணியே. எனவே பெண்கள் பருத்தித் துப்பட்டியை அணிந்துகொள்வது பாதுகாப்பு. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடி, பாதை வழியே கீழ்நோக்கி இறங்குங்கள். மேட்டுப்பக்கம் ஓட வேண்டாம்.

தீயணைப்புக்கு 101, அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. தீக்காயத்தின் மேல் பற்பசை, மை, நெய் எதுவும் தடவாமல் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஓடவிடுங்கள்.

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை செலவில்லாத வேலைகள். தனியாக வாழும் முதியவர்கள், கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்கள் ஆகியோரின் வீட்டைச் சுற்றிச் சுத்தம் செய்ய மஹல்லா இளைஞர்கள் முன்வர வேண்டும். பக்கத்து வீட்டார் எந்தச் சமுதாயமானாலும் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் விழும் பொறி அடுத்த வீட்டுக்கும் தாவும். தீ ஊரை நெருங்கினால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் உடனே அறிவிக்க யார் பொறுப்பு என்பதை ஜமாஅத்தில் இப்போதே முடிவு செய்யுங்கள். வரும் ஜும்ஆ முடிந்து ஒரு பிற்பகலை ஒதுக்கினால், இன்ஷா அல்லாஹ், நம் தெருவின் வேலை முடிந்துவிடும்.