மூலமும் படியும்

நுழையும்முன்

புகழ்பெற்ற ஓவியம் ஒன்றைப் பார்த்து, அதனை அவ்வாறே மீண்டும் கையால் வரைவது படியெடுத்தல் எனப்படும். படியைப் போலி என்று இகழ்வோர் உளர். மூலம் அழிந்தபின் அதன் உருவை உலகுக்குக் காட்டி நிற்பதும் படியே. படியின் பெருமையையும் அதன் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

மங்கிவரும் தாமரைக் குளம்

புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூருக்கு அருகே, அன்னவாசலை அடுத்துள்ளது சித்தன்னவாசல். அங்குள்ள அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. மீனும் அன்னமும் எருமையும் யானையும் அக்குளத்தில் திளைக்க, துறவியர் மலர் கொய்கின்றனர். கி.பி. 9 ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது.

சுண்ணச் சாந்தின்மீது கனிம வண்ணங்களால் தீட்டப்பட்ட இவ்வோவியங்கள், காலத்தின் தேய்வாலும் மனிதர் கைபட்டும் பல இடங்களில் மங்கிவிட்டன. சுவரோவியத்தைப் பெயர்த்துப் பேழையில் வைத்துக் காத்தல் எளிதன்று. எனவே, இருக்கும் நிலையை உள்ளவாறே பதிவுசெய்யும் தேவை எழுகிறது. இத்தகைய தேவையே அசந்தாவில் பெருமுயற்சி ஒன்றைத் தோற்றுவித்தது.

அசந்தாவில் எழுந்த படிகள்

சென்னைப் படையின் அதிகாரியான இராபர்ட் கில், 1844 இல் அசந்தா ஓவியங்களைப் படியெடுக்க அமர்த்தப்பட்டார். பல்லாண்டுகள் உழைத்து, கித்தான் துணியில் எண்ணெய் வண்ணத்தால் அவர் வரைந்த படிகள் இலண்டன் படிக மாளிகையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1866 இல் நேர்ந்த தீவிபத்தில் அவற்றுள் மிகப் பல எரிந்தன. பின்னர், பம்பாய் ஓவியப் பள்ளியைச் சார்ந்த சான் கிரிஃபித்சு தம் மாணவர்களுடன் 1872 முதல் 1885 வரை மீண்டும் படியெடுத்தார். அப்படிகளிலும் பல 1885 இல் இலண்டனில் தீக்கு இரையாயின. மூன்றாவதாக, கிறிசுடியானா எரிங்காம் அம்மையார் மேற்கொண்ட பணியில் நந்தலால் போசு முதலிய இளம் ஓவியர்கள் துணைநின்றனர். பழைய கோடுகளைப் பின்பற்றி வரைந்த அப்பயிற்சி, அவ்விளைஞர்களின் கலைக்கு உரமாயிற்று.

எஞ்சிய படியே சான்றாதல்

அசந்தாவில் சுவர் நிற்கப் படிகள் எரிந்தன. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஓவியம் ஒன்றன் வரலாறோ இதற்கு நேர்மாறானது. 1776 ஆம் ஆண்டின் கிறித்துமசு இரவில் வாசிங்டன் டெலவர் ஆற்றைக் கடந்த நிகழ்ச்சியை இமானுவேல் லொய்ட்சு செருமனியில் வரைந்தார். அவர் வரைந்த முதல் ஓவியம் 1942 இல் பிரேமன் நகரின்மீது நடந்த குண்டுவீச்சில் அழிந்தது. அவரே 1851 இல் வரைந்து முடித்த இரண்டாம் ஓவியம் நியூயார்க்கு மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. இன்று உலகம் காண்பது அவ்விரண்டாம் ஓவியத்தையே.

படியெடுக்கும் முறை

படியெடுப்போர், மூலத்தின் உருவத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்து, துணியிலும் அதே விகிதத்தில் கட்டங்கள் இடுவர். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள கோட்டை அளந்து வரைந்தபின், அடிவண்ணம் தொடங்கிப் படிப்படியாக வண்ணம் ஏற்றுவர். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் காற்றிலுள்ள உயிர்வளியோடு வினைபுரிந்து மெல்ல இறுகும். ஆதலால் அடுத்த பூச்சுக்குப் பல நாள் காத்திருத்தலும் உண்டு.

இம்முறைக்கும் எல்லை உண்டு. எண்ணெய் வண்ணம் பளபளக்கும். சுண்ணச் சுவரோ ஒளியை அடக்கிக் காட்டும். ஆகவே, எத்துணை வல்லவர் வரைந்தாலும் கித்தான் துணி குடைவரைச் சுவர் ஆகாது. மேலும், உருவம் தெளிவாகத் தெரியவேண்டும் என்று அசந்தாச் சுவர்களில் அக்காலத்தில் பூசப்பட்ட வார்னிசு, நாளடைவில் மஞ்சளாகி மூலத்துக்கே ஊறு விளைத்தது. படியின் பொருட்டு மூலத்தை வருத்துதல் கூடாது என்பதற்கு இது சான்றாகும்.

படியும் போலியும்

தன்னைப் படி என்று அறிவித்துக்கொள்வது படி. தன்னை மூலம் என்று நம்பச் செய்வது போலி. பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் படியெடுப்போர், மூலத்தின் அளவிலேயே வரைதலும் மூல ஓவியரின் கையொப்பத்தை இடுதலும் கூடா. இவ்விதி நேர்மையின் வேலியாக அமைகிறது. சிதைந்த இடத்தைக் கற்பனையால் நிரப்பி, அதுவும் மூலத்தில் இருந்தது எனக் காட்டுதலும் போலியின்பாற்படும். வெறுமையாய் நிற்கும் சுவரை வெறுமையாகவே காட்டும் படிதான் வரலாற்றுக்கு உதவும்.

படி உண்டென்று மூலத்தைக் கைவிடுதல் தகாது. படிகளும் எரியக்கூடும் என்பதை இலண்டன் தீவிபத்துகள் உணர்த்துகின்றன. சித்தன்னவாசலுக்குச் செல்லும் மாணவர், ஓவியங்களைத் தொடாமல் கண்ணால் கண்டு, தம் ஏட்டில் ஒரு தாமரையையேனும் வரைந்து பார்த்தல் நன்று. ஒரு கோட்டை மீண்டும் வரைய முயல்பவரே, அதனை முதலில் வரைந்த கையின் அருமையை உணர்வர். உணர்ந்தவர் அதனைச் சிதைக்க ஒருப்படார்.