லட்சத்தீவு: ஐந்து பேர் அமர்ந்த ஒற்றை நாற்காலி

கொல்லிமலையில் வாழும் பழங்குடி வாக்காளர், மக்களவைத் தேர்தலில் நாமக்கல் தொகுதிக்கு வாக்களிக்கிறார். ஏற்காட்டில் வாழ்பவர் கள்ளக்குறிச்சிக்கு. இரண்டும் பொதுத் தொகுதிகள். சட்டமன்றத்துக்காவது சேந்தமங்கலம், ஏற்காடு என்று பழங்குடியினருக்கு இரண்டு தனித்தொகுதிகள் இருக்கின்றன. மக்களவைக்குத் தமிழ்நாட்டின் 39 இடங்களில் ஒன்றுகூட இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாநிலப் பழங்குடியினர் 7.94 லட்சம் பேர், நூற்றுக்கு ஒருவர். விகிதம் பார்த்தால் அரை இடம்கூடத் தேறாது. அரை உறுப்பினரை டெல்லிக்கு அனுப்ப முடியாது, ஆகவே ஒருவரும் இல்லை.

அதே கணக்கெடுப்பில் வெறும் 61 ஆயிரம் பழங்குடியினர் வாழும் ஓரிடத்துக்கு ஒரு மக்களவை இடம் இருக்கிறது. அது லட்சத்தீவு. பொறாமையில் இதை எழுதவில்லை. ‘நமக்கென்று ஒரு எம்.பி. இருந்தால் என்ன ஆகிவிடும்?’ என்று மலைக் கிராமங்களில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு லட்சத்தீவில் ஏறத்தாழ அறுபது ஆண்டு காலப் பதில் இருக்கிறது.

அந்தத் தீவுகள் நமக்கு அந்நியமும் அல்ல. 1956 நவம்பர் 1 வரை அவை சென்னை மாநிலத்தின் பகுதியாக இருந்தன. வடக்கே உள்ள அமினித் தீவுகள் தென்கன்னட மாவட்டத்திலும், மற்றவை மலபார் மாவட்டத்திலும் சேர்ந்திருந்தன. மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது யூனியன் பிரதேசமாயின. லட்சத்தீவு என்ற பெயர் 1973-ல்தான் வந்தது. மொத்தம் 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வாழ்வது பத்துத் தீவுகளில்.

அங்கே பழங்குடி என்பதற்கான வரையறை வித்தியாசமானது. பட்டியலில் எந்தச் சமூகத்தின் பெயரும் கிடையாது. தானும் பெற்றோர் இருவரும் தீவில் பிறந்திருந்தால் பழங்குடி, அவ்வளவுதான். இதிலும் ஒரு சிக்கல் வந்தது. பிரசவம் கடினமானால் தாயைக் கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ கேரளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே பிறந்த பிள்ளை சட்டப்படி பழங்குடி இல்லை என்றானது. பெரும்பகுதியில் வசதியான மகப்பேறு மருத்துவமனை இல்லாத ஊரில், மருத்துவமனைக்குப் போன குற்றத்துக்குப் பிள்ளை உரிமையை இழந்தது. 2008-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இதைச் சரிசெய்தது: வெளியே பிறந்தாலும் தீவிலேயே நிலையாகக் குடியிருந்தால் போதும். நம் பக்கம் சேலம் மாவட்டத்தில் பழங்குடியாக இருக்கும் மலையாளி மக்கள், ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் பழங்குடி இல்லை என்றிருப்பதை நினைத்துக்கொள்ளலாம். மாவட்ட எல்லை செய்த வேலை அது. அவர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எல்லோரும் பழங்குடி, எல்லோரும் இஸ்லாமியர் என்றால் மேல் கீழ் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நிலமும் ஓடமும் வைத்திருந்தவர்கள் கோயா. கடலோடிகள் மால்மி. தென்னை ஏறியவர்கள், கூலி உழைப்பாளிகள் மேலாச்சேரி. மேலாச்சேரி மக்கள் நெடுங்காலம் மேலிடத்தாரின் நிலத்தில் அண்டி வாழ்ந்தவர்கள். அரசின் பட்டியலில் மூவருக்கும் ஒரே சான்றிதழ்தான். ஆகவே அந்தத் தனித்தொகுதி வெளியாரிடமிருந்து தீவினரைக் காக்கிறது. தீவுக்குள் யாருக்கு வாய்ப்பு என்று அது கேட்பதில்லை. நிலக் குத்தகைச் சட்டம் 1965-ல் வந்தது. வாக்குரிமை அதற்கு இரண்டு ஆண்டு கழித்து வந்தது.

ஆம், முதல் பத்தாண்டு அங்கே தேர்தலே இல்லை. 1957 முதல் 1967 வரை குடியரசுத் தலைவர் நியமித்த உறுப்பினராக நல்லகோயா தங்கள் இருந்தார். (தங்கள் என்பது அங்கே மரியாதைப் பட்டம்.) நாடு மூன்று பொதுத் தேர்தல்களைப் பார்த்து முடித்து, நான்காவதில்தான் தீவினர் தங்கள் எம்.பி.யைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த 1967 தேர்தலில் சுயேச்சையாக நின்று வென்ற இளைஞர் ஆந்த்ரோத் தீவின் பி.எம்.சயீத். பிறகு காங்கிரசுக்குப் போனார். 1971-ல் அவரை எதிர்த்து யாருமே நிற்கவில்லை. 1977-ல் நாடெங்கும் காங்கிரஸ் சரிந்தபோதும் வென்றார். 1999 வரை தொடர்ந்து பத்து முறை. 1998 முதல் மக்களவைத் துணைத் தலைவராகவும் இருந்தார். ஐம்பதாயிரம் வாக்காளரைக்கூட எட்டாத தொகுதியிலிருந்து போனவர் அவ்வளவு உயரம் போனது சின்ன விஷயமல்ல. அதே நேரம், ஒரே குடும்பத்தைச் சுற்றி ஒரு தொகுதி 37 ஆண்டு நின்றதையும் சொல்லத்தான் வேண்டும். கட்சிக் கொடியைவிட சயீத் பக்கமா, கோயா பக்கமா என்பதுதான் அங்கே பேச்சு.

2004-ல் அது முடிந்தது. ஐக்கிய ஜனதா தளத்தின் பூக்குஞ்ஞி கோயா 71 வாக்குகளில் சயீதைத் தோற்கடித்தார். நம்மூரில் ஒரு தெருவின் வாக்கு அது. சயீத் மாநிலங்களவை வழியாக மின்துறை அமைச்சரானார். 2005 டிசம்பரில் காலமானார். 2009-ல் மகன் ஹம்துல்லா சயீத் தொகுதியை மீட்டார். 2014-லும் 2019-லும் தேசியவாத காங்கிரசின் முகமது ஃபைசல் அவரைத் தோற்கடித்தார். இரண்டாம் முறை வித்தியாசம் 823. 2024-ல் ஹம்துல்லா 2,647 வாக்குகள் முந்தி மீண்டும் வந்தார். 57 ஆயிரத்துச் சொச்சம் வாக்காளர். நம் ஸ்ரீபெரும்புதூரில் 23 லட்சத்துக்கும் மேல். வாக்குப்பதிவு மட்டும் அங்கே எப்போதும் 80 விழுக்காட்டைத் தாண்டும்.

இதுவரை ஐந்தே பேர் அந்த இடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். ஐவரும் ஆண்கள். வீடும் நிலமும் தாய்வழியில் இறங்கும் ஊர் அது என்பதைச் சேர்த்துப் படியுங்கள்.

மிசோரமும் பழங்குடியினருக்கான ஒற்றைத் தொகுதிதான். ஆனால் அங்கே 40 பேர் கொண்ட சட்டமன்றம் இருக்கிறது, முதலமைச்சர் இருக்கிறார். லட்சத்தீவில் சட்டமன்றம் இல்லை, மாநிலங்களவை இடமும் இல்லை. டெல்லி அனுப்பும் நிர்வாகிதான் அரசு. கப்பல் டிக்கெட், நோயாளியைக் கொச்சிக்குக் கொண்டுபோகும் ஹெலிகாப்டர், பள்ளிக்கூடத்து மதிய உணவில் இறைச்சி உண்டா இல்லையா என்பதுவரை நிர்வாகியின் கையெழுத்தில் இருக்கிறது. பஞ்சாயத்துக்கு மேலே, மக்கள் வாக்களித்து அனுப்பிய ஆள் என்று எம்.பி. ஒருவரைத்தான் காட்ட முடியும். அவருக்கும் பேச உரிமை உண்டே தவிர, உத்தரவு போட உரிமை இல்லை.

இதன் அருமையும் போதாமையும் 2021-ல் தெரிந்தது. நிர்வாகி பிரஃபுல் கோடா படேல் சில வரைவு ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தார். வளர்ச்சிப் பணி என்று எந்த நிலத்தையும் எடுக்க வழிசெய்தது ஒன்று. குண்டர் சட்டம் ஒன்று. இரண்டு குழந்தைகளுக்கு மேல் இருந்தால் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கத் தடை இன்னொன்று. மாட்டிறைச்சிக்குக் கட்டுப்பாடும் வந்தது. குற்றம் மிக அரிதான தீவில் குண்டர் சட்டம் யாருக்கு என்று மக்கள் கேட்டார்கள். ஜூன் 7 அன்று வீடுகளிலேயே 12 மணிநேரம் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஃபைசல் எதிர்த்துப் பேசினார். ஆனால் ஒரு வரைவை வாக்கெடுப்பில் நிறுத்த அங்கே அவை ஏது? எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது கேரளச் சட்டமன்றம். அண்டை வீட்டுச் சபைதான் தீவினருக்காகக் கை தூக்கியது.

பிறகு அந்த ஒற்றைக் குரலும் போனது. 2009 தேர்தல் நேரத்து மோதல் தொடர்பான கொலை முயற்சி வழக்கில், 2023 ஜனவரியில் கவரத்தி நீதிமன்றம் ஃபைசலுக்குப் பத்தாண்டு தண்டனை விதித்தது. தாக்கப்பட்டவர் மறைந்த சயீதின் மருமகன். உடனே பதவி பறிபோனது; தேர்தல் ஆணையம் அடுத்த சில நாட்களில் இடைத்தேர்தலும் அறிவித்தது. கேரள உயர் நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை நிறுத்திவைக்க, இடைத்தேர்தல் நின்றது. ஆனாலும் மார்ச் 29 வரை பதவியைத் திருப்பித் தரவில்லை. அக்டோபரில் மறுபடி பறிபோய், உச்ச நீதிமன்றத் தடைக்குப் பிறகு நவம்பரில் மறுபடி வந்தது. வழக்கில் யார் சரி என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நாம் பார்க்க வேண்டியது வேறு. நம் எம்.பி. பதவி இழந்தால் எம்.எல்.ஏ. இருக்கிறார், அமைச்சர் இருக்கிறார். அங்கே அந்த மாதங்களில் பஞ்சாயத்துக்கு மேலே ஒருவரும் இல்லை.

2024 தேர்தலில் பா.ஜ.க. நேரடியாக நிற்கவில்லை, அஜித் பவார் அணி வேட்பாளரை ஆதரித்தது. அவருக்குக் கிடைத்தது 201 வாக்கு. தீவினர் சொல்ல நினைத்ததை வாக்கால் சொல்லிவிட்டார்கள். சொன்னது நிர்வாகத்தை அசைத்ததா என்பதற்கு அடுத்த ஆண்டே ஒரு சோதனை வந்தது.

பித்ரா. மக்கள் வாழும் தீவுகளில் மிகச் சிறியது. 2011-ல் 271 பேர். 2025 ஜூலையில், பாதுகாப்புத் தேவைக்காக அந்தத் தீவின் நிலம் முழுவதையும் எடுப்பதற்கான சமூகத் தாக்க ஆய்வை அறிவித்தது நிர்வாகம். குடும்பங்களைக் கேட்டுவிட்டு அறிவிக்கவில்லை என்ற கோபத்தில் தீவு திரண்டது. ஹம்துல்லா சயீத் எதிர்த்துக் குரல் கொடுத்தார்; அவரால் முடிந்ததும் அதுதான். அவருடைய தந்தை 2004-ல் தோற்றது 71 வாக்கில். பித்ராவில் அதைவிட அதிக வாக்குகள் இருக்கின்றன.