ஆண்டனியின் மட்ட வெள்ளி

கி.மு. 32. ரோமின் அதிகாரப் போட்டியில் ஆக்டேவியனோடு மோதுவதற்காக மார்க் ஆண்டனியின் பெரும்படை கிரேக்கத்தில் திரண்டிருந்தது. அத்தனை பேருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதற்காக அவசர அவசரமாக அச்சடித்த தினாரியஸ் என்ற வெள்ளிக் காசுதான் இது. ஒரு பக்கம் துடுப்புகள் வரிசை கட்டிய போர்க்கப்பல். மறுபக்கம் நடுவில் லீஜியன் என்ற படைப்பிரிவின் கழுகுச் சின்னம், இருபுறமும் கொடிக்கம்பங்கள், கூடவே அந்தப் படைப்பிரிவின் எண். இரண்டு முதல் 23 வரை எண்கள் உண்டு.

கி.மு. 211 வாக்கில் தினாரியஸ் பிறந்தபோது அதில் இருந்தவை தலைக்கவசம் அணிந்த ரோமா தேவியின் முகமும் ஈட்டியோடு குதிரையில் பாயும் இரட்டைத் தெய்வங்களும். போர் அப்போதும் காசில் இருந்தது; தெய்வங்கள் நடத்திய போராக. ஆண்டனியோ சிப்பாயின் சொந்தப் படைப்பிரிவையே காசில் ஏற்றிவிட்டார்.

அடுத்த ஆண்டு ஆக்டியம் கடற்போரில் அவர் தோற்றார். காசு மட்டும் தோற்கவில்லை. வெள்ளியில் செம்பைக் கூடுதலாகக் கலந்திருந்ததால் அதை உருக்கி லாபம் பார்க்க யாரும் முனையவில்லை. நல்ல வெள்ளிக் காசுகளெல்லாம் பெட்டிக்கும் உலைக்கும் போக, இது கைமாறிக்கொண்டே இருந்தது. சுமார் 200 ஆண்டுகளுக்குப் பின் புதைக்கப்பட்ட புதையல்களிலும் கப்பல் தேய்ந்து, கழுகு மழுங்கிக் கிடைக்கிறது. ஆண்டனி இரும்பைக் கலந்ததாக ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். இன்றைய உலோகச் சோதனையில் தெரிவது செம்புதான்.

அன்று மட்டம் என்று கருதிய காசை இன்று சேகரிப்பாளர்கள் எண் வாரியாகத் தேடி வாங்குகிறார்கள். பளபளப்பான காசுக்குத்தான் விலை அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பலவற்றின் மேல் சிறு பிறை போலவும் புள்ளி போலவும் முத்திரைக் குத்துகள் இருக்கும். வெள்ளிதானா என்று காசுக்கடைக்காரர் சோதித்த தடம் அது. அந்தத் தடத்தோடு தேய்ந்த காசில்தான் இத்தனை தலைமுறைகளின் கை தெரிகிறது.

வென்ற ஆக்டேவியன் பிறகு அகஸ்டஸ் ஆனார். அவர் வெளியிட்ட நல்ல வெள்ளி நம் கொங்கு நாடு வரை வந்தது. அங்கே கிடைத்த ரோமப் புதையல்களில் பெரும்பாலானவை அவருடையதும் அவருக்குப் பின் ஆண்ட திபேரியஸுடையதுமான காசுகளே. அவற்றில் ஒரு வகைக் காசில் அகஸ்டஸின் தத்துப் பிள்ளைகள் கையஸும் லூசியஸும் நிற்க, நடுவே கேடயங்களும் ஈட்டிகளும் இருக்கும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் ரோமானியக் காசுகள் உண்டு. அடுத்த முறை போகும்போது முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள், பின்பக்கத்தையும் பாருங்கள்.