திரையில் பொருந்தும் ஆடை உடலில் பொருந்துமா?

பெங்களூரில் பீன்யா, பொம்மனஹள்ளி பகுதிகளிலுள்ள ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகள், வாங்குபவரின் ஒப்புதல் கிடைத்த பின்னரே துணியை மொத்தமாக வெட்டுகின்றன. அதற்காக மாதிரி ஆடை தைத்து அனுப்புவதும், திருத்தம் கேட்டு மீண்டும் தைப்பதும் வழக்கம். துணியும் வாரக்கணக்கில் காலமும் இதில் செலவாகின்றன. இச்செலவைக் குறைக்கக் கணிப்பொறித் திரையிலேயே ஆடையைத் தைத்து, ஓர் உருவத்திற்கு உடுத்திப் பார்க்கும் முறை பரவி வருகிறது. அதில் காணும் பொருத்தத்தை எந்த அளவிற்கு நம்பலாம்?

செயல்படும் முறை

கணிப்பொறி, துணியை ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாகப் பிரிக்கிறது. இழுப்பு, சாய்வு, வளைவு ஆகியவற்றைத் துணி எவ்வளவு எதிர்க்கிறது, உடலோடு எவ்வாறு உராய்கிறது என்பவற்றைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியின் அடுத்த நிலையையும் கணக்கிடுகிறது. இவ்வியல்புகளை நுட்பமாக அளக்கும் கருவிகளை 1970-களில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கவபாடா உருவாக்கினார். தைக்கப்போகும் துணியையே சோதிக்காமல், 'பருத்தி' என்ற பொதுவான அளவைப் புகுத்தினால் விடையும் பொதுவானதாகவே இருக்கும்.

அசைவில் எழும் சிக்கல்

அளவுகள் சரியாக இருப்பின், நிற்கும் உருவத்தின் மீது ஆடையின் நீளமும் தொய்வும் பெரும்பாலும் உண்மையை ஒட்டி அமைகின்றன. உடல் அசையும்போதே வேறுபாடு தோன்றுகிறது. முழங்காலை மடக்கினால் அங்குள்ள தோல் நீளவாக்கில் 35 முதல் 45 விழுக்காடு வரை விரிகிறது என 1966-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இவ்விரிவை ஆடை மூன்று வழிகளில் ஈடுசெய்கிறது: தளர்ச்சி, தோலின் மீது வழுக்குதல், துணியின் நீட்சி. உராய்வின் அளவு தவறினால் இம்மூன்றின் பங்கீடும் தவறிவிடும்.

மேலும், திரையுருவம் பெரும்பாலும் கடினமான பொம்மையாகவே அமைகிறது. உண்மை உடலிலோ, இறுகிய இடுப்புப் பட்டிக்குச் சதை ஒதுங்கி இடம் தருகிறது. பலமுறை மடங்கிய முழங்காலில் துணி புடைத்து நின்றுவிடுவதையும் எளிய கணக்கு முறைகள் காட்டுவதில்லை.

யாருடைய உடல்?

எந்த உடலுக்கு உடுத்துகிறோம் என்பதும் முக்கியம். தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகத்தின் 'இந்தியாசைஸ்' திட்டம், பெங்களூர் உள்ளிட்ட 6 நகரங்களில் 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளப்பதற்கென வகுக்கப்பட்டது. இந்தியர்க்கென அளவுப் பட்டியல் அமைய இது அடிப்படையாகும். ஆயினும் இவ்வகைக் கருவி அளப்பது அசையாது நிற்கும் உடலையே.

தையல் இயந்திரத்தின் முன் கைகளை நீட்டியவாறு பணிபுரியும் பெண்ணுக்கு, முதுகுப் பகுதியில் கூடுதல் அகலம் தேவை. நின்ற நிலை அளவு அதனைக் கூறாது. எனவே, தொடக்கத் திருத்தங்களைத் திரையில் முடித்துக்கொண்டு, இறுதி மாதிரியை உண்மையில் தைத்து, அணிந்தவரை உட்காரவும் குனியவும் கை உயர்த்தவும் செய்து பார்த்தபின் ஒப்புதல் வழங்குவதே இன்றைய நிலையில் ஏற்ற முறையாகும்.